எக் ஒன் அட்டையில முட்டைப் படம்: 2 வருசம் பாவிச்ச கதை

தங்கச்சியின்ர சிநேகிதிக்கு சேல்ஸ் வேலை கிடைச்சிருக்கு. "அண்ணா, நீங்கள் பஸ்ஸில வச்சுப் பிரட்டுற இங்கிலிஷ் அட்டைப் பெட்டி நல்லதோ, இப்ப விலை குறைச்சிருக்கிறாங்கள்" எண்டு கேட்டா. அவவுக்கு வொய்ஸ் அனுப்பி முடியாது, அதால எழுதுறன்.

இங்கிலிஷ் சொல்லுப் படிக்கிற சின்ன அட்டையள், பின்னால தமிழ்க் கருத்து; ஆக்களை இணங்க வைக்கிறதைச் சொல்லுற சொல்லுகள் மட்டும் இருக்கிற பெட்டி. மருதானை பழைய புத்தகக் கடையில எடுத்தது. வெள்ளவத்தையில 100ஆம் நம்பர் பஸ் ஏறினா கொள்ளுப்பிட்டி வாறதுக்குள்ள 10 அட்டை பாக்கலாம், டிராபிக் எண்டா 20.

முதல்ல கோவத்தைச் சொல்லுறன். எக் ஒன் (egg on) எண்ட அட்டையில முட்டைப் படம் போட்டு வச்சிருக்கிறாங்கள்! அந்தச் சொல்லுக்கும் முட்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அது பழைய நோர்ஸ் மொழியில இருந்து வந்தது, கூர் விளிம்பைச் சொல்லுற எட்ஜுக்குத்தான் (edge) சொந்தம். எங்கட ஆக்கள் உசுப்பேத்துறது எண்டு சொல்லுவினமே, அதேதான். அதை எழுதாம முட்டை. 2 வருசமா அந்த அட்டை வரேக்க எல்லாம் விசர் வருது.

அதைவிடப் பெரிய பிழை, கோக்ஸ் (coax), கஜோல் (cajole), பர்சுவேட் (persuade) மூண்டுக்கும் பின்னால "இணங்கச் செய்தல்" எண்ட ஒரே கருத்து. அதை நம்பி நான் ரிப்போர்ட்டில கிளையண்டை கஜோல் பண்ணினன் எண்டு எழுதிப்போட்டன். மனேஜர் கூப்பிட்டு, "என்ன தம்பி, ஐஸ் வச்சு, பொய் சொல்லியோ இன்சூரன்ஸ் பொலிசி வித்தனீர்?" எண்டார். அண்டைக்கு எனக்கு முகம் இல்லை. கோக்ஸ் எண்டா சாப்பிடாத பிள்ளைக்கு நிலாக் காட்டித் தீத்துற மாதிரி, கோவம் இல்லாமப் பொறுமையாச் செய்யிறது. கஜோலுக்குள்ள பந்தம் பிடிக்கிற வாடை இருக்கு. இதை அட்டை சொல்லேல்லை, மனேஜர்தான் சொன்னார்.

சரி, நியாயமாயும் சொல்லோணும். சில அட்டையில சொல்லின்ர வேர் போட்டிருக்கு, அது சோக்கு. கன்வின்ஸ் லத்தீன்ல வெல்லுறது எண்ட சொல்லில இருந்து வந்ததாம், பர்சுவேட்டின்ர வேரும் ஸ்வீட்டின்ர வேரும் ஒண்டாம். இன்புளுவன்ஸ் எண்டது நட்சத்திரத்தில இருந்து மனுசருக்குள்ள ஏதோ பாயுது எண்ட பழைய நம்பிக்கையாம், இன்புளுவென்சா காய்ச்சலும் அதே வீட்டுப் பிள்ளை. அம்மா கிரகம் பிடிச்சிருக்கு எண்டு சொல்லேக்க இப்ப நான் சிரிக்கிறேல்லை.

கன்வின்ஸ் மனசை மாத்துறது, பர்சுவேட் செய்ய வைக்கிறது எண்ட அட்டையும் நல்லது, இப்ப இங்கிலிஷ்காரரே ரெண்டையும் கலந்து கதைச்சாலும். எங்கட அப்பாவுக்கு நீரிழிவு. சீனி கூடாது எண்டு அவர் கன்வின்ஸ் ஆகி 10 வருசம், ஆனா பிளேன்டீக்கு 2 கரண்டி போடாம இருக்க அவரை பர்சுவேட் பண்ண வீட்டில ஒருத்தராலயும் ஏலாமப் போச்சு. டோக் இன்டு (talk into), டோக் அவுட் ஒஃப் (talk out of) சோடியும் அப்பிடித்தான், ஆளைக் கதைச்சே இழுத்து விடுறது, கதைச்சே மறிக்கிறது. ஒஃபிசில நாளுக்கு 4 தரம் பாவிக்கிறன்.

மற்றும்படி பெட்டி மூடி 3 மாசத்தில கழண்டது, ரப்பர் பாண்டில நிக்குது.

வாங்காத தங்கச்சி. விலை குறைஞ்சாலும் வாங்காத. என்ர பெட்டியைக் கேட்டாலும் தரமாட்டன், எனக்கு நாளைக்கும் பஸ் இருக்கு. அந்த முட்டை அட்டை வேணுமெண்டா வந்து எடுத்துக்கொண்டு போ.