மூன்று வருடம் இடுப்பு பெல்ட் கட்டியவன் சொல்கிறேன்

நேற்று என் பெல்ட்டுக்கு இரண்டாவது தடவையாக வெல்க்ரோ மாற்றினேன். பை தைக்கிற கடையில் 80 ரூபாய். திரும்பி வரும்போது பக்கத்து உரக்கடைத் தம்பி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "அண்ணே, நீங்க போடுற பெல்ட்டையே வாங்கிரட்டுமா?"

எனக்கு மளிகைக் கடை. 2022 ஆடியில் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தூக்கிய கையோடு திரும்பியதில் இடுப்பு வெட்டிக்கொண்டது. ஸ்கேனில் எல்-4, எல்-5 என்கிற இடுப்பு முள்ளெலும்புகள் நடுவே இருக்கும் மெத்தை போன்ற டிஸ்க்கில் பிதுக்கம். வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேன் எடுத்தால் இது தெரியும், படுத்தே கிடக்காதீர்கள் என்றார் டாக்டர். பெல்ட்டைச் சுமை தூக்கும்போது மட்டும், கொஞ்ச நாளைக்குக் கட்டச் சொன்னார்.

முதல் மூன்று வாரம் அது எனக்குப் பார்த்த உபகாரத்தை மறக்க மாட்டேன். முதுகுப் பக்கத்துத் தகடுகள் குனியவே விடாது. முட்டியை மடக்கித்தான் இறங்கணும். சிப்பத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்குவதும், உடம்பைத் திருகாமல் காலை மாற்றி வைத்துத் திரும்புவதும் அப்போது வந்த பழக்கம்தான்.

ஆனால் அந்த வெல்க்ரோ! பருப்பு மூட்டைப் பக்கம் போனாலே சணல் பிசிறு முள்ளில் ஏறிக்கொள்ளும். வாராவாரம் ஊசியால் நோண்டி எடுக்கணும். ஒரு வாரம் விட்டால், கையில் சுமை இருக்கும் நேரமாகப் பார்த்துச் சர்ரென்று பிரியும். 1,100 ரூபாய் வாங்குகிறவர்கள், மொத்த பெல்ட்டும் நம்பியிருக்கும் அந்த ஒரு இடத்தையாவது அகலமாக வைக்கக் கூடாதா? என் பனியன் ஒன்றுகூட நூல் இழுபடாமல் மிஞ்சவில்லை.

என் தப்பும் உண்டு. கொஞ்ச நாளைக்கு என்றதை எட்டு மாதம், நாள் முழுக்கக் கட்டினேன். கழற்றவே பயம். பிசியோதெரபிக்குப் போன பிறகுதான் பயம் விட்டது. மண்டியிட்டுக் கை ஊன்றி எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, தினம் அரை மணி நடை. பத்து வாரத்தில் பெல்ட் இல்லாமல் கடை திறந்தேன். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலும் உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது. இப்போது லாரியில் சரக்கு இறங்கும் நாளில் மட்டும் கட்டுகிறேன்.

அதனால் தம்பியிடம், "பெல்ட் வாங்காதே" என்றேன். கால் பலம் குறைந்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, சிறுநீர் போவதில் கோளாறு வந்தாலோ அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போ என்றும் சொன்னேன். வியாழக்கிழமை அவனுக்கு யூரியா லோடு. மூட்டை 45 கிலோ. லோடுமேன்கள் இறக்கட்டும், நீ எண்ணிக்கை மட்டும் பார் என்றால் கேட்கிறவன் இல்லை. என் பெல்ட்டை அவன் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். வெல்க்ரோ புதுசு, பிடிக்கும்.