நெடுந்தீவுப் பெருக்கும் எங்கள் பனையும்

யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள நெடுந்தீவின் பெருக்குமரம் (பாவோபாப்), எங்கள் பனை, இரண்டும் நிற்பது ஒரே சுண்ணாம்புக்கல் நிலத்தில். வந்த வழிதான் வேறு.

பெருக்குமரத்தில் மொத்தம் 8 இனங்கள். 6 மடகாஸ்கரில் மட்டுமே வளர்பவை.  ஆபிரிக்காவுக்கு ஒன்று, அவுஸ்திரேலியாவுக்கு ஒன்று. நெடுந்தீவில் நிற்பது ஆபிரிக்க இனம். அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அந்தியில் தலைகீழாக விரியும் அதன் பெரிய வெள்ளைப் பூவைக் கிட்ட நின்று பாருங்கள்: நடுவில் குஞ்சம் போல மகரந்தத் தாள்கள், வௌவாலுக்கென்றே அமைந்தவை. மறுநாள் வாடிவிடும்.

பனைக்கும் ஆபிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் சொந்தங்கள் உண்டு. எங்களுடையது ஆசிய இனம். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு.

புவியியல் வரலாறு சொல்லித்தர நான் பெருக்கடிக்குத்தான் பிள்ளைகளைக் கூட்டிப்போவேன். ஆனால் யாழ்ப்பாணத்து மண்ணில் தானாகவே முளைத்துப் பெருகியது பனைதான்.