ஆலிஸ் கிட்: செல் இல்லாமல் சர்க்கரை ஏற்றிய புரதம்

லெனியோபயோ என்ற ஜெர்மன் நிறுவனத்தின் ஆலிஸ் கிட், ஆய்வகத்தில் வளர்க்கும் புகையிலையின் பிஒய்-2 வகைச் செல்களை உடைத்து எடுத்த சாறு. இதில் டிஎன்ஏவைச் சேர்த்தால், உயிருள்ள செல் இல்லாமலே புரதம் உருவாகும். ஈ.கோலை பாக்டீரியாவின் சாற்றில், சவ்வுப்பைகளுக்குள் நடக்கும் சர்க்கரை ஏற்றம் (புரதத்தில் சர்க்கரைக் கிளைகள் சேர்வது) இயல்பாகக் கிடையாது. ஆலிஸ் சாற்றிலோ அந்த வேலையைச் செய்யும் மைக்ரோசோம்கள் என்ற சவ்வுப்பைகள் உயிர்ப்புடன் இருக்கின்றன. இதுதான் இந்தக் கிட்டின் பெரிய பலம்.

புரதம் மைக்ரோசோமுக்குள் போக, வழிகாட்டும் முகவரித் துண்டான சிக்னல் பெப்டைடு தேவை; அதற்கென உள்ள வெக்டரையே (மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏவை) எடுங்கள். பைகளுக்கு வெளியே, திரவத்திலேயே புரதம் தங்கும் சைட்டோசால் வெக்டரில் புரதம் நிறைய வரும், சர்க்கரை ஏறாது. 25 டிகிரியில் 48 மணி நேரம் வரை குலுக்க வேண்டும். சாற்றில் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் வேலை செய்வதால் காற்று அவசியம். குழாயை நிரப்பி இறுக மூடினால் விளைச்சல் விழுந்துவிடும். பிளாஸ்மிடை (வட்ட வடிவ வெக்டர் டிஎன்ஏவை) இடிடிஏ என்ற வேதிப்பொருள் உள்ள கரைசலில் கரைக்காதீர்கள், அது வினைக்குத் தேவையான மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். டிடிடி என்ற ஒடுக்கும் வேதிப்பொருளைச் சேர்த்தால், புரதத்தின் வடிவத்தைப் பிடித்து வைக்கும் டைசல்பைடு பிணைப்புகள் போய்விடும்.

கடைசியில் டோடெசில் மால்டோசைடு போன்ற மென்மையான டிடர்ஜென்ட்டால் பைகளைத் திறந்தால்தான் புரதம் வெளியே வரும். சர்க்கரை ஏறியதா என்று அறிய, சர்க்கரைக் கிளையை வெட்டும் எண்டோ ஹெச் நொதியைக் கொடுத்து ஜெல் ஓட்டிப் பாருங்கள்: ஒரு சர்க்கரைக் கிளைக்குப் புரதத்தின் எடை சுமார் 2 கிலோடால்டன் இறங்கும்.

ஏறுவது மேனோஸ் என்ற சர்க்கரை மிகுந்த வகை. சியாலிக் அமிலம் முடிவான மனித வகைக் கிளை வேண்டுமென்றால் சிஹெச்ஓ என்ற வெள்ளெலி செல்களிடம் போங்கள்.