இடது கையில் வேண்டாம்

மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சை சிங்கப்பூரில் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் ஆயிற்று. தினம் ஒரு மாத்திரையும், 28 நாளுக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்கு அடியில் போடும் கோசெரலின் என்கிற ஹார்மோனை அடக்கும் ஊசியும் மட்டும் தொடர்கின்றன. சேலத்தில் ஆறு வாரம் இருப்பதென்றால் ஒரு ஊசியை அங்கேதான் போட வேண்டும். டிக்கெட் போட்ட நாளிலிருந்து அதே கவலை.

திருச்சியில் இறங்கி, நாமக்கல் வழியாகக் காரில் வீடு வந்தோம். மறுநாளே ஐந்து ரோடு பக்கம் ஒரு மருந்துக்கடையில் டாக்டர் சீட்டைக் காட்டினேன். "ஸ்டாக் இல்லைங்க, ஆர்டர் போட்டா ரெண்டு நாள்ல வந்துடும்" என்றார் கடைக்காரர். சொன்னபடியே வந்தது. 25 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாத மருந்து என்று அவரே ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். சித்திரை வெயிலில் அது பெரிய உதவி.

ஊசியைப் போடத்தான் அலைந்தோம். சாதாரண ஊசியைவிடத் தடிமனானது, பழகிய கைதான் போட வேண்டும். முதலில் போன கிளினிக்கில் டாக்டர் ஃபைலைப் புரட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்: "பேஷன்ட்டுக்கு விஷயம் தெரியுமா?" மனைவி எனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். "எல்லாம் தெரியும் டாக்டர், என்கிட்டயே கேளுங்க" என்றாள். அப்புறமும் அவர் என்னைப் பார்த்தேதான் பேசினார். ஊசியும் அங்கே போட முடியவில்லை.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம். ஆனால் நானும் அதையேதான் செய்திருந்தேன். அம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறது என்று, "சின்னக் கட்டி, எடுத்தாச்சு" என்பதோடு நிறுத்தியிருந்தேன். மனைவிக்கு அதில் சம்மதமே இல்லை.

இரண்டாவதாகப் போனது புற்றுநோய்ப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரி. அங்கிருந்த சிஸ்டர் நேராக மனைவியிடம் வந்தார். "போன தடவை எந்தப் பக்கம் போட்டாங்க? வலது பக்கமா? அப்ப இன்னைக்கு இடது பக்கம்." மருந்தின் காலாவதித் தேதியை அவளுக்கே காட்டினார். டப்பாவில் இருந்த ஸ்டிக்கரை உரித்து எங்கள் நோட்டில் ஒட்டி, தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிரஷர் பார்க்கும்போது இடது கையில் வேண்டாம் என்று அவள் சொன்னதும், ஏன் என்று கேட்காமலே வலது கைக்கு மாறிவிட்டார். இடது பக்க அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்திருக்கிறார்கள். கை வீங்கிவிடும் அபாயம் இருப்பதால் இரத்தம் எடுப்பது, பிரஷர் பார்ப்பது எல்லாமே வலது கையில்தான்.

எங்களைப் போல வருகிறவர்கள் சிங்கப்பூர் டாக்டரின் கடிதம், பயாப்ஸி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சுருக்கம் மூன்றையும் காகிதத்தில் கொண்டுவாருங்கள். போனில் காட்டினால் நேரம்தான் போகும்.

ஒருநாள் ஏற்காடு போனோம். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கைக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்திருந்தாள். குரங்கு கீறினாலோ முள் குத்தினாலோ அந்தக் கையில் சுலபமாகச் சீழ் பிடிக்கும் என்பதால் முழுக்கைச் சட்டை. மேலே மழை பெய்து காபி பூத்திருந்தது. இரண்டு வருடத்தில் அவள் அவ்வளவு தூரம் நடந்து நான் பார்க்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின வாரம், 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை கொண்டுவரும் பெண் வந்தார். அம்மாவுக்குப் பார்த்து முடித்துவிட்டு, "அக்கா, உங்களுக்கும் பாத்துடலாமா?" என்று பக்கத்தில் இருந்த மனைவியின் இடது கையைப் பிடித்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னார்: "அந்தக் கையில வேண்டாம் கண்ணு. அக்குள்ல நெறி எடுத்திருக்கு."

இப்போது அடுத்த ஊசி என்றைக்கு என்று மாதாமாதம் போனில் கேட்பது அம்மாதான். என்னிடம் கேட்பதில்லை. "போனை அவகிட்ட குடு" என்கிறார்.