டெல்டா சாலைகளில் ஒரு ஜிபிஎஸ் கருவியுடன் ஆறு ஆண்டுகள்

கும்பகோணத்தில் இருந்துகொண்டு, பம்ப்செட் மோட்டார்களையும் அவற்றின் உதிரி பாகங்களையும் கிராமத்துக் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் தொழில். மேற்கே திருவையாறு, தெற்கே வேதாரண்யம், வடக்கே கொள்ளிடத்தின் அக்கரையிலுள்ள சில ஊர்கள் என்று மாதத்தில் பாதி நாள் காரிலேயே கழிந்துவிடும். 2019-ஆம் ஆண்டின் இறுதியில், முன்கண்ணாடியில் ஒட்டிவைக்கும் ஐந்து அங்குலத் திரை கொண்ட ஜிபிஎஸ் கருவி ஒன்றை வாங்கினேன். கையிலிருக்கும் போனிலேயே வரைபடம் வரும்போது இதற்கென்று தனியாகப் பதினோராயிரம் ரூபாய் எதற்கு என்று மனைவி கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று ஒழுங்காக விடை சொல்லவில்லை. இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன். குறைகளையும் விவரமாகச் சொல்ல வேண்டியிருப்பதால் கருவியின் பெயரைத் தவிர்த்துவிடுகிறேன்.

வாங்கியதற்கு உடனடிக் காரணம் வெயில். அக்னி நட்சத்திர நாட்களில் டேஷ்போர்டின் மேல் நிறுத்திய போன் அரைமணி நேரத்துக்குள் கொதித்துப்போய், சூடு தணிந்த பிறகுதான் இயங்குவேன் என்று திரையை அணைத்துக்கொள்ளும். அப்படி அணையாத நாட்களில், சரியாகத் திருப்பம் வரும் இடத்தில் ஏதாவதொரு கடைக்காரரின் அழைப்பு வந்து வரைபடத்தை மறைக்கும். ஆழமான காரணம் வேறு. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு, மின்சாரமும் செல்போன் கோபுரங்களும் இல்லாத ஊர்களுக்கு மோட்டார் பழுது பார்க்க ஆட்களை அழைத்துக்கொண்டு போனேன். நாம் இருக்கும் இடத்தைக் கண்டறிய இணையம் தேவையில்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைத்தால் போதும். ஆனால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திராத என் போன், கோபுரம் இல்லாத இடத்தில் வெறும் சாம்பல் நிறக் கட்டங்களுக்கு நடுவே ஒரு நீலப் புள்ளியை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. இந்தக் கருவியிலோ இந்தியா முழுவதற்குமான வரைபடம் உள்ளேயே பதிந்திருக்கிறது.

செயற்கைக்கோள் சமிக்ஞையைப் பொறுத்தவரை டெல்டாவைப் போல வசதியான நிலம் அமைவது அரிது. மலை இல்லை, உயர்ந்த கட்டடங்கள் இல்லை, நன்னிலத்தைத் தாண்டினால் அடிவானம் வரை வயல்தான். அம்புக்குறி சாலையை விட்டு இம்மியும் நகராமல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கும்பகோணத்துச் சந்துகளிலும், அடர்ந்த தென்னந்தோப்புகளுக்கு இடையிலும் மட்டும் சற்றே தடுமாறி அடுத்த தெருவில் ஏறி நிற்கும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. ஆற்றின் இரண்டு கரைகளிலும் சாலை ஓடும் நம் ஊர்களில் அந்தப் பிழை நீடித்திருந்தால், எந்தக் கரையில் போகிறோம் என்பதே கருவிக்குத் தெரிந்திருக்காது. கருவியை மாதக்கணக்கில் உறைக்குள் போட்டுவைத்து எடுத்தால் இடத்தைப் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். செயற்கைக்கோள்களின் நிலை பற்றிய முழு அட்டவணையையும் ஒருமுறை ஒலிபரப்பி முடிக்கவே பன்னிரண்டரை நிமிடம் தேவைப்படுகிறது என்பதால் அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். தினமும் ஓடும் காரில் சாவியைத் திருப்பி இடுப்புப் பட்டையை மாட்டுவதற்குள் தயாராகிவிடுகிறது.

ஆக, அந்தச் சந்துகளையும் தோப்புகளையும் விட்டால், நான் எங்கே இருக்கிறேன் என்பதைக் கருவி ஒருநாளும் தவறாகச் சொன்னதில்லை. போக வேண்டிய இடத்துக்கும் எனக்கும் நடுவே தண்ணீர் இருக்கிறதா என்பதில்தான் எங்களுக்குள் ஆறு ஆண்டுகளாகத் தகராறு.

வெளியூர்க்காரர்களுக்கு இது எளிதில் விளங்காது. கும்பகோணத்திலிருந்து வலங்கைமான், நீடாமங்கலம் வழியாக மன்னார்குடி போவதற்குள் அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்க வேண்டும். அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களுக்குக் கணக்கே கிடையாது. அக்கரையில் மாடு மேய்ப்பவரிடம் இக்கரையிலிருந்து பேசலாம். காரில் அவரிடம் போய்ச் சேர எட்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். இங்கே பயணத்தை முடிவு செய்வது பாலம்; தூரத்துக்கு இரண்டாம் இடம்தான். என் கருவியின் வரைபடமோ லாரி போகும் பாலம், கார் மட்டும் போகக்கூடிய பாலம், தண்ணீர் வந்தால் மூழ்கும் தரைப்பாலம், மதகின் மேல் ஆள் நடப்பதற்காகப் போட்ட பலகை ஆகிய நான்கையும் ஒரே தடிமனுள்ள கோடாகத்தான் வரைந்து வைத்திருக்கிறது.

2021 மாசி மாதத்தில் ஒருநாள் இரவு எட்டு மணிக்கு, திருவையாற்றில் வேலையை முடித்துவிட்டு, கொள்ளிடத்தின் வடகரையில் அரியலூர் மாவட்டத்து ஊர் ஒன்றுக்கு மோட்டார் ஒன்றை இறக்கப் புறப்பட்டேன். கருவி 4.6 கிலோமீட்டர் என்றது. புதிய பாலம் ஏதோ வந்திருக்கிறது போலும் என்று மகிழ்ந்து, அது சொன்னபடியே கரையேறி, மூங்கில் புதர்களுக்கு நடுவே படுகைக்குள் இறங்கினேன். தார் முடிந்து செம்மண் வந்தது. செம்மண் முடிந்து மணல் வந்தது. விளக்கு வெளிச்சத்தில் இரண்டு சக்கரத் தடங்கள் நேராக ஆற்றுக்குள் இறங்கிப் போவது தெரிந்தது. திரையில் அதே இடத்தில் நீல நிறப் பட்டையின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு சுத்தமாக ஓடியது. "நேராகச் செல்லவும்" என்று குரலும் வந்தது. கோடையில் ஆறு வறண்டு கிடக்கும்போது வண்டிகள் இறங்கி ஏறிய தடத்தைச் சாலை என்று வரைபடத்தில் ஏற்றியிருக்கிறார்கள். பின்னால் எடுக்க முயன்றபோது பின்சக்கரம் மணலில் புதைந்தது. வாழைக்கொல்லையிலிருந்து டார்ச்சோடு வந்த பெரியவர் ஒருவர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "போவாதீங்க தம்பி, இது மாட்டு வண்டித் தடம். விளாங்குடி போயி, பாலம் ஏறி, திருமானூர்ல எறங்கணும்" என்றார். அவரும் அவர் மகனும் தென்னை மட்டைகளைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்துத் தள்ளிவிட்டார்கள். அவர் சொன்ன வழியில் போனபோது தூரம் இருபத்து மூன்று கிலோமீட்டர். மறுநாள் நிறுவனத்துக்குப் படத்தோடு விவரமாக எழுதினேன். ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது என்று ஒருவரி பதில் வந்தது. அந்த வெள்ளைக் கோடு இன்றும் அப்படியே இருக்கிறது.

இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் அமைப்புகளுக்குள் நுழைந்து பார்த்தேன். வாங்கியபோதே அதில் "குறைந்த தூரம்" என்ற முறை தேர்வாகியிருந்தது. டெல்டாவில் கருவி வைத்திருப்பவர்கள் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். குறைந்த தூரம் என்று கேட்டால் அது வாய்க்கால் கரைகளையெல்லாம் சாலையாக எண்ணிக்கொண்டு அழைத்துப் போகும். எதிரே ஒரு டிராக்டர் வந்தால் ஒதுங்க இடமிருக்காது. "விரைவான பாதை" என்பதைத் தேர்ந்து, தார் போடாத சாலைகளைத் தவிர்க்கும்படியும் சொல்லிவிட்டால் தொல்லையில் முக்கால் பங்கு குறைந்துவிடும்.

ஊர்ப் பெயர்கள் இன்னொரு துன்பம். குருபெயர்ச்சிக்குச் சென்னையிலிருந்து வந்த உறவினர்களை ஆலங்குடிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. குரு தலமான ஆலங்குடி எங்கள் ஊரிலிருந்து அரைமணி நேரம்கூட ஆகாத தொலைவில், வலங்கைமான் வட்டத்தில் இருக்கிறது. கருவி முதலில் நீட்டியது புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடியை. நூறு கிலோமீட்டரை ஒட்டிய தூரம் திரையில் விழுந்ததால் எனக்குப் புரிந்தது. ஊர் தெரியாதவராக இருந்தால் தஞ்சாவூரைத் தாண்டிய பிறகுதான் சந்தேகம் வந்திருக்கும். பாபநாசம் என்றால் திருநெல்வேலிப் பக்கத்து அருவியும், திருப்புவனம் என்றால் சிவகங்கை மாவட்டத்து ஊரும் சேர்ந்து வரும். கருவி முதலில் மாநிலத்தைக் கேட்கிறது என்பதால், தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு எத்தனை முறை தேடினாலும் திருநள்ளாறு கிடைக்காது. அது காரைக்கால் மாவட்டத்தில், அதாவது புதுச்சேரியில் இருக்கிறது. வயலுக்கு நடுவே ஓடும் சாலையில் மாநில எல்லை எங்கே வருகிறது என்பது இங்கே பெட்ரோல் போடுபவர்களுக்கு மனப்பாடம்; சனிப்பெயர்ச்சிக்கு வருகிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்? எழுத்துப் பலகை ஆங்கிலத்தில் மட்டும்தான் என்பதால், கீழப்பெரும்பள்ளத்தைத் தேடும்போது ழகரத்துக்கு எல் போட்டிருப்பார்களா, இஸட் ஹெச் போட்டிருப்பார்களா என்று இரண்டு விதமாகவும் அடித்துப் பார்க்க வேண்டும். மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020 டிசம்பரில்; என் கருவியில் அது இன்னமும் நாகப்பட்டினத்துக்குள்தான் இருக்கிறது. அதில் பாதகம் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது மாயவரம்தான்.

குரலைப் பற்றி ஒரு வார்த்தை. வலம், இடம், நேர் ஆகியவற்றைத் தமிழில் சொல்லும் அந்தப் பெண்குரல், ஊர்ப் பெயர் வந்ததும் ஆங்கில எழுத்தைப் பார்த்து வாசிக்கத் தொடங்கிவிடுகிறது. கொள்ளிடம் "கோலிதம்" ஆகிறது, குடவாசல் "குடாவேசல்" ஆகிறது, திருத்துறைப்பூண்டியைப் பாதியிலேயே விழுங்கிவிடுகிறது. முதல் ஆண்டு சிரிப்பாக இருந்தது. இப்போது குரலை அணைத்துவிட்டு, திருப்பத்துக்கு முன் மணியோசை மட்டும் வரும்படி வைத்திருக்கிறேன்.

போய்ச் சேரும் நேரத்தை அது கணக்கிடுவதைத் தை, மாசி மாதங்களில் நம்ப வேண்டாம். சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் கிராமச் சாலையின் பாதி அகலத்தில் நெல் காயும். மீதிப் பாதியில் அறுவடை இயந்திரம் ஊர்ந்து வரும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் டிராக்டர்கள் வரிசையாக நிற்கும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நான் காத்திருந்த நேரங்களைக் கூட்டினால் ஒரு முழு நாள் தேறும். அங்கே கார் அசையாமல் நிற்க நிற்க, போய்ச் சேரும் நேரம் நிமிடத்துக்கு ஒரு நிமிடமாகத் தள்ளிப்போய்க்கொண்டிருப்பதைத் திரையில் பார்ப்பது எரிச்சலான பொழுதுபோக்கு.

கருவியின் உடம்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் கிண்ணம் கோடையில் பிடி தளர்ந்து விழும். ஈரத்துணியால் துடைத்து அழுத்தினால் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். புதிதில் ஒரு மணி நேரம் நின்ற பேட்டரி இப்போது பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை, ஆனால் லைட்டர் சாக்கெட்டில் வயரைச் செருகியே ஓட்டுவதால் அது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. உச்சிவெயிலில் திரை மங்கும்.

வரைபடத்தைப் புதுப்பிப்பதுதான் பெரிய வேலை. ஆயுள் முழுவதும் இலவசம் என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தார்கள். கணினியோடு இணைத்து இரவு முழுவதும் இறக்க வேண்டும். முதல் மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு ஒருமுறை வந்தது, பிறகு நின்றுபோனது. யாருடைய ஆயுள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். இதன் விளைவு விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நான்கு வழிச்சாலையில் தெரிகிறது. தேசிய நெடுஞ்சாலை 36-இல் சேத்தியாத்தோப்புக்கும் சோழபுரத்துக்கும் இடைப்பட்ட 50 கிலோமீட்டர் பகுதி 2025 ஜூலையில் முறைப்படித் திறக்கப்பட்டது; கொள்ளிடத்தின் மேல் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நான்கு வழிப் பாலமும் வந்துவிட்டது. ஆர்தர் காட்டன் 1830-களில் அமைத்த கீழணையின் மேலுள்ள குறுகலான பாதையில், எதிரே பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்து ஓட்டிப் பழகியவனுக்கு அந்தப் பாலம் எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைச் சொல்லி மாளாது. கருவிக்கு அந்த நிம்மதி இல்லை. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வழுவழுப்பான சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது, திரையில் என் அம்புக்குறி வெற்றுப் பச்சை வெளியில், வயலுக்குள் உழுதுகொண்டு போகிறது. இடப்பக்கம் ஏதோ ஒரு வாய்க்கால் கரை கண்ணில் பட்டதும் "இடதுபுறம் திரும்பவும்" என்று கெஞ்சும். திரும்பாவிட்டால் மீண்டும் பாதையைக் கணக்கிடும்.

இத்தனைக்குப் பிறகும் அதைக் கழற்றி வைக்காததற்குக் காரணம், ஊர்களைத் தேடுவதை விட்டுவிட்டுப் பாலங்களைப் பதியத் தொடங்கியதுதான். ஒரு பாலத்தைக் கடந்து, அது காருக்குத் தாங்கும் என்று கண்ணால் பார்த்த பிறகு, விருப்ப இடங்களின் பட்டியலில் அதைச் சேர்த்துவிடுவேன். கடைக்குப் புறப்படும்போது முதலில் பாலத்தை இடைநிறுத்தமாகக் கொடுத்து, அதன் பிறகு ஊரைக் கொடுத்தால், கருவி வேறு வழியில்லாமல் நான் சொன்ன இடத்தில்தான் ஆற்றைக் கடந்தாக வேண்டும். தரைப்பாலங்களின் பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி போட்டிருக்கிறேன். மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்துவிட்டது என்று தெரிந்தால் அவற்றைத் தொடுவதில்லை. டவுனுக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் மட்டும் ஓட்டுபவருக்கு இந்தக் கருவி வேண்டாம்; வரைபடத்தை இறக்கி வைத்த போனே போதும். என்னைப் போலக் கிராமம் கிராமமாகச் சுற்றுகிறவர்கள், வரைபடப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகளுக்கு என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு வாங்கலாம்.

என் பட்டியலில் இப்போது நாற்பத்திரண்டு பாலங்கள் இருக்கின்றன. கடைசியாகச் சேர்த்தது அந்தப் புதிய கொள்ளிடப் பாலம். நான் ஓட்டிக்கொண்டிருக்க, பதினோராயிரம் ரூபாய்க்குக் கணக்குக் கேட்ட என் மனைவிதான் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். அப்போது திரையில் எங்கள் கார் நட்டாற்றில் இருந்தது.