சிசாகொபே: பிரெஞ்சில் தேடிப் படிக்க வேண்டிய மாங்கா

பிரான்ஸின் புத்தகக் கடைகளில் சண்டைத் தொடர்களே முன்வரிசையைப் பிடித்துக்கொள்வதால், புவாத்தியே நகரின் லெ லெசார் நுவார் போன்ற சிறிய பதிப்பகங்கள் மொழிபெயர்த்துக் கொண்டுவரும் மாங்காக்கள், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதைகள், பலருடைய கண்ணில் படாமலே போகின்றன. 2004-இல் தொடங்கப்பட்ட இப்பதிப்பகத்தின் நூல்களில் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு, மினெத்தாரோ மொச்சிசுகியின் ‘சிசாகொபே’யைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஜப்பானிய எழுத்தாளர் ஷூகோரோ யமமோத்தோவின் படைப்பொன்றை இன்றைய ஜப்பானுக்குக் கொண்டுவந்திருக்கும் இக்கதையில், தீ விபத்தில் பெற்றோரையும் குடும்பத் தொழிற்கூடத்தையும் இழந்த இளம் தச்சர் ஷிகெஜி, பிறர் உதவியை நாடாமல் தொழிலை மீண்டும் நிலைநிறுத்த முனைகிறார். வீட்டு வேலைக்கு வரும் ரித்சு, போக்கிடமற்ற குழந்தைகளையும் அவ்வீட்டில் சேர்த்துக்கொள்கிறாள். கதை என்று பார்த்தால் இவ்வளவுதான்.

என்னை ஆட்கொண்டது ஓவியமே. ஷிகெஜியின் முகத்தை அடர்ந்த தாடியும் நீண்ட முடியும் மறைத்துவிடுவதால், பேசுபவரின் முகத்தை விட்டுவிட்டு விரல்களையும் பாதங்களையும் அருகிலிருந்து காட்டும் கட்டங்களின் வழியாகவே, அவர் வாய்விட்டுச் சொல்லாத துயரத்தை நாம் உணர்ந்துகொள்கிறோம். இத்தகைய அடக்கம் எந்த நாட்டுச் சித்திரக்கதையிலும் அரிது. நிகழ்ச்சிகள் மெதுவாகவே நகர்கின்றன என்பதால், விறுவிறுப்பை நாடுவோருக்கு முதல் தொகுதி சற்றுப் பொறுமையைக் கோரும்.

நான்கே தொகுதிகளில் முடிந்துவிடும் இத்தொடர், 2017-இல் பிரான்ஸின் அங்குலேம் நகரில் நடந்த சித்திரக்கதை விழாவில் சிறந்த தொடருக்கான பரிசைப் பெற்றது. பிரெஞ்சு ஓரளவு தெரிந்தவர்களும், குறைவான உரையாடல்களே உள்ள இந்நூலைச் சிரமமின்றிப் படிக்கலாம்.