சினைப்பன்றிக்குக் கூண்டா, கொட்டிலா?

வெண்பன்றிப் பண்ணை போடப்போகிறேன் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். சினைப்பன்றிகளைத் தனித்தனிக் கம்பிக் கூண்டில் நிறுத்துவதா, நாலைந்தாகச் சேர்த்துக் கொட்டிலில் விடுவதா? என் பண்ணை தேவகோட்டைப் பக்கம், செம்மண் பொட்டலில் இருக்கிறது. இரண்டு முறையிலும் பல ஈற்று பார்த்தாயிற்று. இப்போது சினைக்குச் சேர்த்த நாளிலிருந்து ஐந்து வாரம் கூண்டு, அப்புறம் கொட்டில். எங்கள் வெயிலுக்கு இதுதான் ஒத்துவருகிறது.

ஐந்து வாரத்துக்குக் காரணம் இருக்கிறது. கரு கருப்பையில் ஒட்டி நிலைக்க முதல் நாலு வாரம் ஆகும். அந்தச் சமயத்தில் முன்பின் பழகாத பன்றிகளை ஒன்றாக விட்டால், யார் பெரியவள் என்று முடிவாகும்வரை கடித்துக் குதறும். கரு கலையலாம், குட்டி எண்ணிக்கை குறையலாம். சினை பிடிக்காமல் 21ஆம் நாளை ஒட்டி மறுபடி பருவத்துக்கு வருகிறதா என்று பார்ப்பதற்கும் கூண்டுதான் சௌகரியம். ஆண் பன்றியை முன்னால் ஒரு நடை நடத்திக்கொண்டு போனால் தெரிந்துவிடும்.

சரி, 114 நாளும் கூண்டிலேயே வைத்தால் என்ன? இரண்டடி அகலம், ஏழடி நீளக் கூண்டில் பன்றி படுக்கலாம், எழலாம், திரும்ப முடியாது. கால் வலு போகிறது, தோளில் புண் வருகிறது, மலச்சிக்கல் வருகிறது. நாளெல்லாம் வெறுமனே கம்பியைக் கடித்து வாயில் நுரை தள்ளிக்கொண்டு நிற்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 ஜனவரி முதல், சேர்த்த பிறகு நாலு வாரத்துக்குமேல் இப்படி அடைக்கக் கூடாது. நம் நாட்டு 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமும், கூண்டில் விலங்கு ஓரளவு அசைய இடம் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

எனக்கு அதைவிடப் பெரிய காரணம் சித்திரை வெயில். பன்றிக்கு நம்மைப்போல் வியர்க்காது. கொட்டிலில் விட்டால் ஈரமான மூலையைத் தானே தேடிப் படுத்துக்கொள்ளும். கூண்டில் நின்ற இடத்திலேயே மூச்சிரைக்கும். மேலே தூவானக் குழாய் போட்டிருக்கிறேன். சில நிமிடம் நனைத்து, காயவிட்டு, மறுபடி நனைக்க வேண்டும். ஓயாமல் தண்ணீர் விட்டால் புழுக்கம்தான் கூடும். தகரக் கூரையின்மேல் தென்னங்கீற்று வேய்ந்திருக்கிறேன். பலர் கவனிக்காத விஷயம் தண்ணீர்த் தொட்டி. சினைப்பன்றி நாளைக்கு 15 முதல் 20 லிட்டர் குடிக்கும். கறுப்புத் தொட்டி வெயிலில் நின்றால் மத்தியானம் வெந்நீர்தான் வரும், வாயே வைக்காது. தொட்டிக்கு நிழலும், குழாய்க்கு மண்ணுக்கடியில் இடமும் கொடுங்கள்.

கொட்டிலில் ஒரே தலைவலி தீவன நேரம். ஒரு பன்றிக்கு நாளைக்கு இரண்டு, இரண்டரைக் கிலோ என்று அளந்து போட்டாலும், சண்டைக்காரி நாலு கிலோ தின்றுவிட்டுக் கொழுப்பாள், பயந்தவள் எலும்பாவாள். தீவனத் தொட்டியிலிருந்து தோள்வரை மறைக்கும் குட்டைத் தடுப்புச் சுவர் வைத்தோம், பக்கத்துத் தலை பக்கத்திலேயே நின்றுவிட்டது. ஆளுக்கு ஒன்றரை அடித் தொட்டி, முப்பது சதுர அடித் தரை. உடல்வாகு ஒத்தவற்றை ஒன்றாக விடுங்கள். தலையீற்றுப் பன்றிகளுக்குத் தனிக் கொட்டில். ஒருமுறை சேர்த்த கூட்டத்தை நடுவில் கலைக்க வேண்டாம். காரைக்குடிக் கல்யாண வீட்டு மிச்சம் மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். சினையில் இருப்பவற்றுக்கு நான் அதைப் போடுவதில்லை. உப்பு எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? மற்றவற்றுக்குப் போட்டாலும் நன்றாகக் கொதிக்க வைத்துத்தான். எச்சில் சோற்றில் கலந்த பன்றிக்கறி வழியாகவும் பரவும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் இந்தியாவுக்குள் வந்துவிட்டது, தடுப்பூசியை நம்பி இருக்க முடியாது.

தரை பற்றி ஒரு வார்த்தை. கொத்தனாருக்குக் கை சும்மா இருக்காது, ஆத்தங்குடிக் கல் மாதிரி வழவழவென்று பூசிவிடுவார். வயிறு பெருத்த பன்றி அதில் கால் விரிந்து விழுந்தால் எழுப்புவது பெரும்பாடு. காய்வதற்குள் விளக்குமாற்றால் கீறிவிடச் சொல்லுங்கள். பத்தடிக்கு மூன்று அங்குலம் சரிவு போதும்.

கூண்டு செய்த பட்டறை எல்லாவற்றையும் ஒரே அளவில், தலையீற்றுப் பன்றிக்குத் தோதாகச் செய்து கொடுத்துவிட்டது. நாலாம் ஈற்றுக்காரி உள்ளே போனால் விலா உரசுகிறது. மூத்திரம் பட்டுக் கம்பியின் அடி ஒரு சாணுக்குத் துருவும் ஏறிவிட்டது. பண்ணையிலேயே பெரிய தாயை அளந்து கொடுங்கள், கால்களைச் சிறு கான்கிரீட் மேட்டில் நிறுத்துங்கள். ஈற்றுக்கு ஒரு வாரம் முன்பு குட்டி ஈனும் அறைக்கு மாற்றும்போதுதான் கூண்டு அடுத்த பன்றிக்குக் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். அது ஐந்தாம் வாரத்திலேயே காலியாகிவிடும். அந்தக் கணக்கில் இருபது தாய்க்கு ஆறு கூண்டு போதும். பட்டறைக்காரர் இருபதுக்கு விலை சொல்வார்.